அறுபது சீசா கரப்பான் எண்ணெய்

சங்கரன்கோவில்
20.11.2023

தங்கை ராமசெல்விக்கு அண்ணன் ஆறுமுகநயினார் எழுதுவது. நானும் உன் மதினி இசக்கியம்மாளும் சுகமாக இருக்கிறோம். பிரசவத்துக்கு வந்த ஜெயஸ்ரீயும் பச்சைப்பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு இன்றோடு முப்பத்தொரு நாள். அழுகையில் அப்படியே அத்தைக்காரியைக் கொண்டிருக்கிறது என்கிறாள் உன் மதினி. நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பனி இறங்குகிற காலம், வெந்நீர் தவிர வேறு எதையும் குடிக்க விடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கரப்பான் எண்ணெய் கடையில் ஏழு சீசாதான் பாக்கி. கைப்பிள்ளைக்காரிகள் வந்து, "அண்ணாச்சி, அந்த மெட்ராஸ் எண்ணெய் இருக்கா, பிள்ளை தலையெல்லாம் பொரிப்பொரியா இருக்கு" என்று கேட்கிறார்கள். கம்பெனிச் சரக்கை எடுத்துக் காட்டினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அறுபது சீசா அனுப்பு. பார்சல் சர்வீஸில் போட்டால் போதும்.

வாட்ஸப்பில் ஒரு வரி போடக் கூடாதா, இந்தக் காலத்தில் எதற்கு லெட்டர் என்று போன வாரம் போனில் சிரித்தாய். நாட்டு மருந்துக் கடையில் வாயால் சொன்ன சரக்கு வாயோடு போய்விடும். எனக்கு மிளகு அனுப்புகிற கொல்லத்துக்காரன்கூட எழுதித்தான் அனுப்புகிறான். நீயும் எழுது.

ஆறுமுகநயினார்


எர்ணாவூர்
27.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணன், மதினி, ஜெயஸ்ரீ எல்லாரும் நலமாக இருக்கக் கும்பிட்டுக்கொள்கிறேன். சின்னக் குட்டிக்கு என் முத்தம். அழுகிற பிள்ளைதான் பிழைக்கிற பிள்ளை என்று மதினியிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "இந்தத் தெருவுல கடுதாசி வர்ற ஒரே வூடு உன்னுதுதாம்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும்.

இவருக்கு அப்படியேதான் இருக்கிறது. மணலிக்கு வெல்டிங் வேலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த எண்ணெயால்தான் அண்ணே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கமாக இறங்குகிற துண்டு நிலம் இப்போது பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. எண்ணெய்க்குப் போடுகிற பொடுதலை தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் அருகம்புல், வேலி பக்கம் குப்பைமேனி. பக்கத்து வீட்டுப் பவுனம்மாள்தான் காலையில் மீன் விற்றுவிட்டு வந்து மத்தியானம் எனக்குச் சீசா கழுவித் தருகிறாள். "இன்னாமே நீ, அவனவன் கூலி குட்த்து புடுங்கிப் போட்ற புல்லை, தண்ணி ஊத்தி வளத்துகினு கீறே" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் போகமாட்டாள்.

இரண்டு வாரத்தில் காய்ச்சிவிடுவேன். வழக்கம்போல முதல் சீசாவை என் கையில் தேய்த்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றது வெளியே போகும். கவலை வேண்டாம்.

தங்கை ராமசெல்வி


சங்கரன்கோவில்
22.12.2023

ராமசெல்விக்கு,

புயல் செய்தி பார்த்த நாளிலிருந்து உன் போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் பவுனம்மாள் போனிலிருந்து நீ பேசி, உயிரோடு இருக்கிறோம் என்று சொன்ன பிறகுதான் உன் மதினி சாப்பிட்டாள். பேசி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. பிறகு எங்கள் பக்கம் வெளுத்து வாங்கிவிட்டது. தாமிரபரணி ஊருக்குள் வந்து திருநெல்வேலி ஜங்ஷனே முங்கிப்போனது. எங்கள் தெருவில் ஒன்றும் இல்லை. பிள்ளை இடிச் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்குகிறது.

பேப்பரில் உங்கள் பக்கம் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் கலந்து கழிமுகத்துக்கு வந்துவிட்டது என்று போட்டிருக்கிறான். எர்ணாவூர் பெயரும் இருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? மறைக்காமல் எழுது. எண்ணெய்ச் சரக்கு அவசரமில்லை. அவசரம் இல்லை என்று சொன்னாலும் கடையில் ஒரு சீசாகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையை அந்த வாடையில் வெளியே விடாதே.

ஆறுமுகநயினார்


எர்ணாவூர்
30.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் எல்லாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று படித்ததும் பெருமாளுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வீடு கட்டும்போது இவர் அடம்பிடித்து அஸ்திவாரத்தை மூன்றடி தூக்கிக் கட்டினாரே, அன்றைக்கு நான் போட்ட சண்டைக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. நாய்களெல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. படகுக்காரர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளி அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். பவுனம்மாள் மூன்று வாரமாக மீன் விற்கவில்லை. "பார்றவன்லாம் கூடையை மோந்து பார்த்துட்டு கலீஜ்னு திட்டிட்டு போறான்" என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

சரக்குக்குக் கொஞ்சம் பொறுங்கள். தை மாசம் கண்டிப்பாக அனுப்பிவிடுவேன். வேறு யாரிடமும் சொல்லிவைத்துவிடாதீர்கள்.

சின்னக் குட்டிக்குப் பேர் வைத்தாயிற்றா?

தங்கை ராமசெல்வி


எர்ணாவூர்
8.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். இதோடு அறுபது சீசாவும் வருகிறது. வைக்கோல் சுற்றி இரண்டு பெட்டியாகக் கட்டியிருக்கிறேன். இறக்கும்போது சாய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பொடுதலை இந்தத் தடவை நல்ல செழிப்பு. எல்லாமே இளம் கொழுந்து.

கை வேலையாக இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

தங்கை ராமசெல்வி


சங்கரன்கோவில்
19.2.2024

ராமசெல்விக்கு,

சரக்கு வந்து சேர்ந்தது. அறுபதும் உடையாமல் இருக்கிறது. வாங்கிப் போகிறார்கள்.

பிள்ளைக்கு மீனலோசனி என்று பெயர் வைத்திருக்கிறோம். குப்புற விழுகிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஆறுமுகநயினார்


சங்கரன்கோவில்
14.3.2024

ராமசெல்விக்கு,

மாப்பிள்ளையும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு குழந்தைக்கு உன் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து மாசக் குழந்தை. தலையில் லேசாகக் கரப்பான் இருந்தது. மூன்று நாள் தேய்த்திருக்கிறார்கள். நாலாம் நாள் உச்சந்தலை முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகி, நீர் கோர்த்து, தொட்டாலே வீறிட்டு அழுதிருக்கிறது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். எந்த எண்ணெயும் ஆகாது என்று டாக்டர் சொல்லி, ஊசியும் களிம்பும் கொடுத்திருக்கிறார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. வலதுபக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு முடி கொட்டிவிட்டது.

பன்னிரண்டு வருஷமாக உன் எண்ணெய் விற்கிறேன். ஒரு குழந்தைக்கும் இப்படி ஆனதில்லை. மிச்சமிருந்த சீசாக்களை அடுக்கிலிருந்து இறக்கிவிட்டேன். விற்றதையும் வீடு வீடாக ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் உன்னிடம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்று எழுதினாய். நான் கேட்டது தப்பு. இப்போது சரியாகக் கேட்கிறேன். தோட்டத்துக்குள் வந்ததா?

பதில் எழுது.

ஆறுமுகநயினார்


சங்கரன்கோவில்
10.4.2024

ராமசெல்விக்கு,

நாலு வாரம் ஆகிறது. உன் பதில் வரவில்லை. நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் நீ குளித்துக்கொண்டிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது, மூச்சு வாங்குகிறது. அவரை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிடாதே.

அந்தக் குழந்தை வீட்டில் என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்? நீ சொல்வதை அப்படியே போய்ச் சொல்கிறேன்.

ஆறுமுகநயினார்


எர்ணாவூர்
26.4.2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுதுங்கள்.

தோட்டத்துக்குள் வந்தது. நாலு நாள் இடுப்பளவு நின்றது. மேலே கறுப்பு ஆடை கட்டியிருந்தது. தண்ணீர் வடிந்தபோது பொடுதலை மொத்தமும் தார் பூசிய மாதிரி கிடந்தது. நான் வேலியோரம் உட்கார்ந்து அழுதேன். இவர் மூச்சிரைக்க இரைக்க வந்து, போகட்டும் விடு செல்வி என்றார். எதை விடுவது அண்ணே? அதை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

உங்களிடம் எழுதியிருக்கலாம். எழுதினால் அண்ணன் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார், வேறு ஆளிடம் வாங்கிவிடுவார் என்று பயம். அதனால் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வீட்டுக்குள் வரவில்லை என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதிவிட்டு நாய், படகு, பவுனம்மாள் என்று என்னென்னவோ கதையளந்தேன்.

எல்லாவற்றையும் தரையோடு அறுத்துக் கொளுத்தினேன். மேல் மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வழித்தெடுத்தேன். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். மூன்றே வாரத்தில் வேரிலிருந்து துளிர்த்தது. முன்பைவிடப் பச்சையாக இருந்தது. புது இலையில் பழைய அழுக்கு ஏது என்று நினைத்தேன். பவுனம்மாள் ஒரு நாள் பார்த்துவிட்டு, "வேர் அதே சேத்துலதானமே கீது" என்றாள். அவள் வாயை அடைத்தேன். உனக்கு மீனைத் தவிர என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சீசா கழுவ வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இதுவும் டிசம்பர் கடிதம் மாதிரி ஆகிவிடும். முதல் சீசாவை வழக்கம்போல என் கையில் தேய்த்தேன். சுரீர் என்றது. பன்னிரண்டு வருஷத்தில் அப்படி என்றதில்லை. கொழுந்து இலையாச்சே, வீரியம் கூடுதல், அதனால்தான் எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷப்பட்டேன் அண்ணே. இவரிடம்கூட, இந்தத் தடவை மருந்து நல்லா பிடிக்கும் பாருங்க என்று சொன்னேன். மருந்து என்றால் எரியும், எரிந்தால்தான் மருந்து என்றே நினைத்து வளர்ந்துவிட்டோம். அடுப்பு வேலையிலும் கரி வேலையிலும் காய்த்துப்போன என் கைக்கே அப்படி என்றால், ஐந்து மாசக் குழந்தையின் தலைக்கு என்னவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை.

உங்கள் மார்ச் கடிதம் வந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், அந்தக் குழந்தை தொட்டாலே அழுதது என்று நீங்கள் எழுதிய வரி கண்ணில் படும், வைத்துவிடுவேன். அதற்குப் பதிலாக இங்கே விற்ற சீசாக்களைத் தேடிக்கொண்டு போனேன். வண்ணாரப்பேட்டையில் சாபிரா தன் வளையல் கடையில் வைத்து விற்பாள். "ரொம்ப பேஜாராப் போச்சேக்கா" என்று சொல்லிக்கொண்டே என் முன்னாலேயே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து, டீ வாங்கித் தந்தாள். யார் யாருக்கு விற்றாள் என்பதையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். ராயபுரத்து ஜானட் டீச்சர் சீசாவைக் கதவுக்கு வெளியே வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது. கொடுங்கையூரில் ஒரு பெண், நல்லாத்தான் கீது, நான் தரமாட்டேன் என்று சண்டைக்கே வந்தாள். அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன். திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று தெருவே பார்த்தது.

மூன்று சீசா இன்னும் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் காய்ச்சுவதை நிறுத்திவிட்டேன். பவுனம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் குழந்தையின் அம்மா பெயர் என்ன? எந்த ஊர்? எழுதுங்கள், வண்டி ஏறி வருகிறேன். காலில் விழச் சொன்னால் விழுகிறேன். உங்கள் வாயால் எனக்காக எதுவும் சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்கிறேன்.

ராமசெல்வி


சங்கரன்கோவில்
9.5.2024

அன்புத் தங்கை செல்விக்கு,

குழந்தை சுகமாக இருக்கிறது. நம்பு. புண் முழுக்க ஆறிவிட்டது. முடி பூனைமயிர் மாதிரி முளைத்திருக்கிறது. டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மா பெயர் கேட்டிருந்தாய். ஜெயஸ்ரீ. ஊர் சங்கரன்கோவில். வீடு நம் வீடு.

நம் பேத்தி என்று மார்ச் மாசமே எழுதியிருந்தால் நீ அன்றைக்கே தலைவிரிகோலமாக ஓடிவந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாய். ரத்தபாசம் சொல்லவைக்கும். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் யாரோ ஒருத்திகள்தான். அதற்காகத்தான் பெயரை மறைத்தேன். உன் மதினி இதற்காக என்னோடு ஒரு மாசம் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். நீ சொல்லிவிட்டாய். தாமதமாகச் சொன்னாலும் முழுசாகச் சொன்னாய்.

இதோடு நிறுத்தி, பெரிய மனுஷனாகக் கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ கை எரிந்ததை எழுதியிருக்கிறாய். நான் எழுதாமல் இருந்தால் நியாயமில்லை.

பிப்ரவரியில் பெட்டியைப் பிரித்ததும் ஒரு சீசாவைத் திறந்தேன். வாடை அடித்தது. லேசாகத்தான், ஆனாலும் அடித்தது. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவாமல் எதையாவது ஊற்றி வைத்தால் அடிக்குமே, அந்த வாடை. முப்பத்திரண்டு வருஷம் திப்பிலியையும் வசம்பையும் மோந்து மோந்தே தரம் பிரித்த மூக்கு இது. கொல்லத்துக்காரன் சரக்கில் அந்த வாடை வந்திருந்தால் லாரியைவிட்டு இறக்கவே விட்டிருக்கமாட்டேன். அப்படியே திருப்பியிருப்பேன். இது உன் சரக்கு. மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் இருக்கிறார், புயலில் அடிபட்டு எழுந்து அனுப்பியிருக்கிறாள், லாரியில் பக்கத்தில் ஏதாவது டின் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடியை இறுக்கினேன். சரக்கு வந்து சேர்ந்தது என்று மட்டும் உனக்கு எழுதினேன்.

பிப்ரவரி கடைசியில் பிள்ளைக்குத் தலையில் பொரி கண்டதும், ஜெயஸ்ரீ கேட்கக்கூட இல்லை, நானே கடையிலிருந்து ஒரு சீசா எடுத்துவந்து, நானே என் கையால் தேய்த்தேன்.

இதை உன் மதினியிடமும் சொல்லவில்லை. ஜெயஸ்ரீயிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அண்ணன்
ஆறுமுகநயினார்


எர்ணாவூர்
24.5.2024

அண்ணனுக்கு,

இங்கே உடம்புக்கு எல்லாரும் நன்றாக இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சொந்தப் பேத்தியைப் பந்தயம் வைத்தா தங்கச்சிக்குப் பரீட்சை வைப்பது? யாரோ ஒரு குழந்தை என்று நினைத்து ஏழு வாரம் என் தொண்டையில் சோறு இறங்கவில்லை. நம் மீனலோசனி என்று தெரிந்த பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்ததா என்று கேட்டால், இல்லை அண்ணே. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. நீங்கள் நினைத்தது சரிதான். அதற்காகவும் உங்கள்மேல் கோபம்.

நேற்று ஜெயஸ்ரீ போன் செய்தாள். நீங்கள் அவளிடமும் மதினியிடமும் சொல்லிவிட்டீர்கள் என்று சொன்னாள். "அத்தே, பாப்பா இப்போ சீப்பைப் பிடுங்கிக் கடிக்கிறா" என்று சிரித்தாள். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்ததும் போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். பிள்ளையை என் கையில் கொடுப்பாளா, மாட்டாளா என்று தெரியாது. கொடுக்காவிட்டால் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருகிறேன்.

மிச்சமிருந்த மூன்று சீசாவில் இரண்டு கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் காலிசெய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒன்றை நினைத்தால் எனக்கு எதுவும் முடிந்த மாதிரி இல்லை.

பின்பக்கத்து நிலத்தில் இனி எதுவும் போடமாட்டேன். சாபிரா அவள் வீட்டு மொட்டைமாடியைத் தருகிறேன் என்கிறாள். செங்குன்றம் பக்கமிருந்து செம்மண் கொண்டுவந்து சாக்கில் கட்டி, புது விதை போட்டுப் பார்க்கப்போகிறேன். பவுனம்மாள் சாக்குக்கு ஓட்டை போட்டுத் தருகிறாள், வாய் மட்டும் ஓயவில்லை. விளைந்து, அறுத்து, காய்ச்ச எப்படியும் கார்த்திகை ஆகிவிடும். அதுவரை இவர் தெருமுனையில் உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் செய்கிறார். உட்கார்ந்த வேலை, மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை.

சரக்கு கேட்டு நீங்கள் எழுதவில்லை. எழுதுவீர்களா என்றும் எனக்குத் தெரியாது. எழுதினால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பெட்டியைத் தங்கச்சி பெட்டியாகப் பிரிக்காதீர்கள். இந்த வீட்டு அடுப்பை நினைக்காதீர்கள், இவர் மூச்சை நினைக்காதீர்கள். கொல்லத்துக்காரன் சரக்கை மோந்து பார்ப்பது போல மோந்து பாருங்கள். துளி வாடை வந்தாலும் லாரியிலிருந்து இறக்காமல் திருப்பி அனுப்புங்கள். நான் போன் செய்து அழுவேன், மதினியை விட்டுப் பேசச் சொல்வேன், அண்ணனா நீங்கள் என்று கேட்பேன். என்னை எனக்குத் தெரியும். அழுதால் அழட்டும் என்று போனை வைத்துவிடுங்கள்.

ராமசெல்வி